முதல் தடவையா?

மூன்றாம் நம்பர், ஒரு டசின்.
பிளாஸ்டிக் தட்டில், பாதித் தேசிக்காயோடு.
கன்கால் துறையில் கோடுபோட்ட கன்வஸ் கூரைகளுக்குக் கீழே
ஆர்மெல் என்று பலகையில் எழுதிய கடை.
இவள்தான் ஆர்மெல்லா, இவள் தாயா, நாங்கள் கேட்கவில்லை.

பகீரதன் ஜாக்கெட் பைக்குள் இரண்டு கையையும் விட்டபடி
அவள் கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.
தசை இருக்கிற இடத்துக்கு ஒரு விரல் தள்ளிக் குத்தினாள்.
பைக்குள் அவன் மணிக்கட்டு
ஒருதரம் திரும்பியதை நான் கண்டேன்.

பத்தொன்பது வருசம்.
பாரிசில் ஒரு பிரசெரியின் வாசலில்,
கண்ணாடிக்கு வெளியே,
நொறுக்கின ஐஸ் மேட்டுக்குப் பின்னால்
நீல ஏப்ரனோடு நிற்கிறவன்.
டிசம்பர் முப்பத்தொன்று இரவு மட்டும்
ஆயிரத்துச் சொச்சம் திறப்பான்.
எங்கள் வீட்டுக்குப் புதுவருசம்
இரண்டாம் திகதி மத்தியானம்தான் வரும்,
கை வீங்கி, சப்பாத்து கடல் நாறி.
தின்கிறவர்கள் உள்ளே, சூட்டில்.
கதவு திறந்து மூடுகிற நேரத்துக்கு
அவர்களுடைய சிரிப்பு அவனுக்கும் கொஞ்சம் கிடைக்கும்.

தட்டை நீட்டியபடி அவள் கேட்டாள்:
"முதல் தடவையா?"
எங்கள் நிறத்தைப் பார்த்துக் கேட்டாளோ,
எரிகிற சட்டியைப்போல் நான் தட்டைப் பிடித்ததைப் பார்த்தோ.
எனக்கு ஏறியது. வாயைத் திறந்தேன்.
பகீரதன் முந்திவிட்டான்.
"ஓம் மேடம். முதல் தடவை."

ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு
அவள் இந்தப் பக்கம் வந்தாள்.
பின்னால் வரிசை நின்றது, அது பற்றிக் கவலையில்லை.
முதல் தண்ணியை ஊத்திப்போடுங்கோ, இன்னொண்டு ஊறும்.
இதை முள்ளால மெல்லமா விடுவியுங்கோ.
அப்படியே விழுங்கக் கூடாது.
கடியுங்கோ, ரெண்டுதரமெண்டாலும்.
அவன் பாலர் வகுப்புப் பிள்ளைபோலத் தலையாட்டினான்.
"அப்பிடியே" என்றான்.
ஒரு கேள்வியும் கேட்டான், பொய்யன்:
"இது இப்ப உயிரோடையா இருக்கு?"

படிக்கட்டில் இருந்தோம்.
கடல் வற்றித் தூரம் போயிருந்தது.
சேற்றில் ஒரு டிராக்டர்,
அதற்குப் பின்னால் இரும்புக் கட்டில்களில் வரிசை வரிசையாகப் பைகள்.
எல்லோரும் தின்று தின்று
ஓட்டைக் கீழே எறிந்துகொண்டிருந்தார்கள்.
வெள்ளை மேடு, அதன்மேல் கடற்காகம்,
ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.
ராத்திரி ஒரு மணிக்கு ஓட்டு வாளிகளை
நாலு தெரு தள்ளி இழுத்துப்போய்க் கொட்டுகிறவன்
முதல் ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு
குப்பைத்தொட்டி தேடினான்.

"எறியுங்கோவன்" என்றேன்.
எறிந்தான். அது உருண்டு நின்ற இடத்தை
நெடுநேரம் பார்த்தான்.

நாலாவதில் ஓட்டுச் சில்லு ஒன்று பல்லில் கடிபட்டது.
அவன் கடையில் என்றால்
தட்டு திரும்பி வரும், முதலாளியும் கூடவே வருவான்.
விரலால் எடுத்தான். பேப்பரில் மடித்துப் பைக்குள் வைத்தான்.
அவள் பார்க்கிறாளா என்று ஒருதரம் திரும்பினான்.

கைப்பையில் மிளகாய்த்தூள் கொண்டுவந்திருந்தேன்,
மருந்துப் போத்தலில், ஒருவருக்கும் தெரியாமல்.
உண்மையில் முதல் தடவை எனக்குத்தான்.
இத்தனை வருசத்தில் ஒன்றாவது வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை,
நானும் கேட்டதில்லை.
குளிர்ந்து, உப்பாய், ஏதோ உலோகம்போல,
தொண்டை வேண்டாம் என்றது.
தூளைத் தூவினேன். அவன் முகத்தைச் சுளித்தான்,
பிரசெரி வாசலில் யாரோ கெச்சப் கேட்டதைப்போல.

"ஏன் சொல்லேல்லை?" என்றேன். "அவளைவிட
நீங்கள் வேகமெண்டு ஏன் சொல்லேல்லை?"

தேசிக்காயைக் கடைசித் துளிவரைக்கும் பிழிந்தான்.
"சொல்லியிருந்தா
கத்தியைத் தந்திருப்பாள்."

கார்ப் பார்க்கிங்குக்கு இன்னும் முப்பது நிமிடம் இருந்தது.
எழும்பிப்போய் வரிசையில் நின்றான்.
முன்னால் ஏழெட்டுப் பேர்.
அவசரமில்லாமல், காலை மாற்றி மாற்றி,
வாங்குகிறவன்போலவே நின்றான்.
நான் மிஞ்சியிருந்த ஒன்றை எடுத்தேன்.
தூள் போடவில்லை.
கடித்தேன், ரெண்டுதரம்.